செருப்பைத் தட்டிவிட்டு வா

முதல் நாள் பெட்டியும் பக்கெட்டுமாகப் போய் நின்ற என் முகத்தைக் கட்டடப் பொறுப்பாளர் அக்கா பார்க்கவில்லை. குனிந்து என் காலைத்தான் பார்த்தார். "செருப்பைக் கழட்டு. கவுத்துத் தட்டு. தட்டிட்டு உள்ள வா" என்றார்.

கூட வந்திருந்த அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. திருக்கழுக்குன்றத்தில் கோயில் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் அவர். சுத்தம் என்றால் உயிரை விடுவார். "பாத்தியா, இடம்னா இப்படி இருக்கணும்" என்று அங்கேயே அந்தக் கட்டடத்துக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு நிம்மதியாக பஸ் ஏறினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. புதுச் செருப்பு. அதிலிருந்து என்ன விழுந்துவிடப் போகிறது?

அது ஹாஸ்டல் இல்லை. செங்கல்பட்டைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டோரம் எங்கள் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கென்று கட்டியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு வீட்டுக்கு நாலு பேர். சமையலறை உண்டு, சமைக்கக் கூடாது. பால்கனி உண்டு, துணி காயப்போடக் கூடாது. விருந்தாளி வரலாம், தங்கக் கூடாது. பெற்ற தாய் மட்டும் மாதத்தில் ஓர் இரவு தங்கிக்கொள்ளலாம். குப்பையை முறை வைத்துக்கொண்டு கொட்ட வேண்டும். மோட்டார் போட்டவளே நிறுத்த வேண்டும். வெளியூர் போனால் எந்த ஊருக்கு என்று சீட்டு எழுதிப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பொய்ச் சீட்டு எழுதினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதையெல்லாம் அச்சடித்து லேமினேஷன் போட்டு ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒட்டியிருந்தார்கள்.

"ஹாஸ்டல்ல இருக்கறவங்க குழந்தைங்க. நீங்க பொறுப்பானவங்க" என்று குடியிருப்பு அதிகாரி முதல் கூட்டத்தில் பேசினார். பொறுப்பானவர்களுக்கு எதற்கு சார் இத்தனை கூடாது என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். நல்லவேளை, எங்கள் சிரிப்பில் அவர் காதில் அது விழவில்லை.

செருப்பைத் தட்டுவது மட்டும் அந்தத் தாளில் இல்லை. அது அக்கா தானாகப் போட்ட விதி.

எங்கள் கட்டடத்தின் பொறுப்பாளர் அவர். அவரும் மாணவிதான். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. வணிகவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார், அது முடிகிற வழியாக இல்லை. உதவித்தொகை எப்போதோ நின்றுபோயிருந்தது. எங்களைப் பார்த்துக்கொள்வதற்காகத் தரைத்தளத்தில் அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஊர் மதுராந்தகம். அங்கே அண்ணன் குடும்பம் இருந்த வீட்டில் புத்தகத்தை விரித்து வைக்க இடம் கிடையாது. அந்த அறை இருந்ததால் ஆராய்ச்சி இருந்தது. அறை போனால் ஆராய்ச்சியும் போய்விடும் என்று அவரும் சொல்வார், எல்லோருக்கும் தெரியும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது தேடிப் போய் ஆறுதல் சொல்வார்கள். ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

மற்ற விதிகளில் அவர் அப்படியொன்றும் கறார் இல்லை. எங்கள் வீட்டில் ஓர் இன்டக்ஷன் அடுப்பு சூட்கேசுக்குள் குடியிருந்தது. எங்கள் நால்வரில் ஒருத்தியான எஸ்தர் ஒருநாள் அதை வெளியே எடுத்துக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அடுப்பை ஒளித்துவைத்துவிடலாம், வாசனையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? சைவ வீட்டுப் பெண்ணான நான் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டப்பட்டது. திறந்தால் அக்கா. நாங்கள் நாலு பேரும் அடுப்புக்கு முன்னால் சுவர் எழுப்பி நின்றோம்.

"இன்னாடி, போட்டோ புடிக்கவா நிக்கிறீங்க?" என்றார். எங்களை விலக்கிக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்தினார். "கருவாடு வெச்சா ஜன்னலைத் தொறந்து வெக்கலாமா? ஆபீஸ் வரைக்கும் போவுது வாசனை." திரும்பிப் போகும்போது ஒரு கிண்ணம் குழம்பு வாங்கிக்கொண்டு போனார். மோட்டாரை நிறுத்த மறந்து மாடியெல்லாம் தண்ணீர் ஓடியபோதும் துடைப்பத்தைத் தூக்கி எங்கள் கையில் கொடுத்ததோடு சரி. கடல் விஷயத்தில் மட்டும்தான் அவரிடம் பேச்சே கிடையாது. யாரும் கடலுக்குப் போகக் கூடாது.

இதில் அதிகமாக மாட்டிக்கொண்டது நான்தான். செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் நான் ஏறுகிற பஸ் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும். என் வீட்டுக்கும் கடலுக்கும் ஒரே பஸ். ஆகவே நான் ஊருக்குப் போகிற சனிக்கிழமையெல்லாம் எனக்கு விசாரணை. "கழுக்குன்றத்துலயே எறங்கிடுவ இல்ல?" "வேற எங்கக்கா எறங்குவேன், எங்க வீடு அங்கதான இருக்கு?" "எறங்கினதும் அம்மாவைப் பேசச் சொல்லு." அம்மா பேசுவாள். அம்மாவுக்கு இதில் ஒரே பெருமை, பெற்றவளைவிட அக்கறையாக இருக்கிறாளே என்று. ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்தால் அக்கா கேட்டருகே நின்றுகொண்டிருப்பார். செருப்பைக் கழற்று, கவிழ்த்துத் தட்டு. விழுவதைக் குனிந்து பார்ப்பார். சாதாரண மண் என்றால் போகச் சொல்வார். கடல் மணல் விழுந்தால் அன்றைக்கு நீ தீர்ந்தாய். நாங்கள் அவருக்கு செக்போஸ்ட் என்று பேர் வைத்திருந்தோம். எனக்கு அவரைப் பிடிக்காது என்றுதான் அந்த முதல் வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேல்மாடியில் இருந்த சீனியர் ஒருத்திதான் ஒருநாள் காரணத்தைச் சொன்னாள். நாங்கள் சேர்வதற்கு முன்பு எங்கள் கட்டடத்தில் படாளத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு விடுமுறை நாளில் சீட்டில் "படாளம், வீடு" என்று எழுதி நீட்டினாள். வீட்டுக்குப் போகிறேன் என்பவளை யார் என்ன கேட்பார்கள்? அக்கா கையெழுத்துப் போட்டார். அவள் போனது மாமல்லபுரத்துக்கு. வகுப்புத் தோழிகளோடு அலையில் நின்றவளை ஒரு பெரிய அலை உள்ளே இழுத்துக்கொண்டது. மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். அவளை மறுநாள் மீனவர்கள்தான் தூக்கி வந்தார்கள்.

விசாரணை நடந்ததாம். சீட்டும் சரியாக இருந்தது, கையெழுத்தும் சரியாக இருந்தது. பொறுப்பாளர்மேல் தவறு ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்த அக்கா இந்த சீனியரிடம், "தப்பில்லைன்னு சொல்லிட்டாங்க. இனிமே நான் யாராண்ட போய்த் திட்டு வாங்கறது?" என்று கேட்டாராம்.

திட்ட ஆள் வந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, பெண்ணின் துணிமணிகளை எடுத்துப்போக அவளுடைய அம்மா படாளத்திலிருந்து வந்தார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். இவர்தான் கையெழுத்துப் போட்டவர் என்று யாரோ அக்காவைக் காட்ட, அந்த அம்மா காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அக்காவை அடித்தார். வாட்ச்மேன் ஓடிவந்து கையைப் பிடித்தார். "வுடுங்க, அடிக்கட்டும்" என்றார் அக்கா. கை ஓய்ந்ததும் அந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா தண்ணீர் கொடுத்தார். சோறு போட்டார். அன்றைக்கு அவர் பஸ் ஏறும் நிலையில் இல்லை. தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு அக்கா தரையில் படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த அம்மா வருவது வழக்கமாகிவிட்டது. இதை நானே பார்த்திருக்கிறேன். தோளில் ஒரு துணிப்பை, அது நிறைய வேகவைத்த மல்லாட்டை. வேர்க்கடலையை அவர் அப்படித்தான் சொல்வார். படியில் உட்கார்ந்து போகிற வருகிற பெண்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பார். "துன்னு துன்னு. எலும்பும் தோலுமா கீற, ஒங்கம்மா பாத்தா வவுறு எரியாது?" என்பார். பொல்லாத வாய். ஆனால் அந்த மல்லாட்டையின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

விருந்தாளிகள் தங்கக் கூடாது என்பது விதி. தாய் மட்டும் தங்கலாம். அக்கா வாட்ச்மேனிடம் "எங்க அம்மா" என்பார். அக்காவைப் பெற்றவள் என்றைக்கோ போய்விட்டாள் என்பது வாட்ச்மேனுக்கும் தெரியும். அவர் தலையை ஆட்டிவிட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

முதல் தடவை நான் பார்த்தபோது அந்த அம்மா கேட்டருகே நின்று தன் ரப்பர் செருப்பைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் அக்கா. "சும்மா இரு. பொண்ணுங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? பாரு, நல்லா பாரு" என்றார் அவர். அக்கா குனிந்து பார்த்தார். "மண்ணுதான்மா. உள்ள வா." அது அவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு வழக்கம். அடித்தவரும் அடிவாங்கியவரும் ஒரு தட்டில் சோறு பிசைந்து சாப்பிடுவதை அன்று பார்த்தேன். செக்போஸ்ட் என்று சொல்வதை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

பாதியறிந்த கதையின் மீதியை அக்காவே என்னிடம் சொன்னார். இரண்டாம் வருஷம் எங்கள் துறையிலிருந்து மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க அழைத்துப் போனார்கள். துறையே அழைத்துப் போவதை அக்காவால் தடுக்க முடியாது. துணைக்குத் தானும் வருகிறேன் என்று பஸ்ஸில் ஏறிவிட்டார். கோயிலைப் பார்த்துவிட்டு எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். அக்கா எங்களுக்கு முன்னால் போய், தண்ணீருக்கும் எங்களுக்கும் நடுவில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையை விரித்துக்கொண்டு, கோழியை மடக்குகிறவர் மாதிரி. வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது. கோபம் சிரித்தவர்கள்மேல். பக்கத்தில் போய் நின்றேன்.

"அவ போன அன்னிக்கி நான் கேட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன்" என்றார் திடீரென்று. யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. "படாளம் போறவ ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம்தான நிக்கணும்? மதுராந்தகம் போற வண்டியெல்லாம் அங்கதான வரும்? அவ தாண்டலை. இந்தப் பக்கமே நின்னா. செங்கல்பட்டு வண்டியில ஏறினா. நான் பாத்தேன். ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். வூட்டுக்கு ஏதாச்சும் வாங்கிகினு போவான்னு நெனச்சிக்கினேன்."

அலை வந்து அவர் குதிகாலை நனைத்துவிட்டுப் போனது. அவர் திரும்பவில்லை.

"பெரிய ஆஸ்பத்திரில என்னைத்தான் மொதல்ல கூப்பிட்டாங்க, அவதானான்னு பாத்துச் சொல்ல. அவங்க அம்மா அப்பா இன்னும் வரலை. துணி போட்டு மூடியிருந்துச்சு. காலு மட்டும் வெளிய தெரிஞ்சுது. தொட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு. வெரலுக்கு நடுவுல எல்லாம் மணலு. மூஞ்சியைத் தொறக்கறதுக்கு முன்னாடியே அவதான்னு தெரிஞ்சுபோச்சு."

நான் அவர் பக்கத்தில் அப்படியே நின்றேன், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. குடியிருப்புக்குத் திரும்பியதும் எங்கள் எல்லோருடைய செருப்பையும் தட்டச் சொல்லிவிட்டுக் கடைசியில் தன்னுடையதையும் தட்டினார். விழுந்த மணலை முறத்தில் வாரி வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்.

இப்போது எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செய்யூர்ப் பக்கத்து ஊர் அவளுக்கு. அப்பா சவுக்கு மரம் வெட்டப் போகிறவர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். "ஒரு கெட்ட பேரு வந்துச்சின்னு காதுல வுயுந்துச்சோ, பொஸ்தகத்த மூட்ட கட்டிக்கினு வந்துடணும்" என்று சொல்லித்தான் அனுப்பிவைத்திருந்தார். தினமும் செய்யூரிலிருந்து வந்துபோவது நடக்கிற காரியம் இல்லை. குடியிருப்பில் இடம் போனால் அவளுக்குப் படிப்பும் போய்விடும். இது தெரிந்தும், கடைசிப் பருவத் தேர்வு நெருங்கிய நேரத்தில் ஒரு சனிக்கிழமை அவள் "செய்யூர், வீடு" என்று சீட்டு எழுதினாள். வெளியிலிருந்து வந்து படிக்கிற தோழிகள் மாமல்லபுரம் போகிறார்கள், இவளும் வந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம்.

"வீடு" என்று எழுதினால் அக்கா வீட்டுக்குப் போன் போடுவார். அம்மாவின் புது எண் என்று எஸ்தர் கொடுத்திருந்ததில் அவளுடைய அத்தை மகள், அம்மா குரலில் பேசினாள். "ஆமா கண்ணு, ஊருல பிரார்த்தனைக் கூட்டம் கீது, அனுப்பி வெய்யி." பிறகு எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அக்கா கேட்டிலிருந்து பார்ப்பார். எஸ்தர் ஒழுங்காக ரோட்டைத் தாண்டினாள், மதுராந்தகம் பஸ்ஸில் ஏறினாள், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர் பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போனாள். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தால் அவளைக் கட்டிப்போட்டிருப்பேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். நான் அப்போது குப்பை வாளியோடு கேட்டருகே இருந்தேன். செருப்பைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. பஸ் நிலையக் குழாயடியில் கழுவியிருக்கிறாள். அக்கா கையைக் காட்டினார், போகலாம் என்று. எஸ்தர் ஒரு படி ஏறினாள். அக்காவின் கண் அவள் ஜீன்ஸின் கால் மடிப்பில் போய் நின்றது. குனிந்து மடிப்பை விரித்தார். பொலபொலவென்று மணல் கொட்டியது.

எஸ்தரின் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா" என்றாள். கன்னத்தில் அறை விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வராததால் திறந்து பார்த்தேன். அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். எஸ்தரின் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விரலிடுக்குகளைத் தடவிப் பார்த்தார்.

"சூடா கீது" என்றார். என்னைப் பார்த்து மறுபடியும் சொன்னார். "காலு சூடா கீதுடி."

பிறகு தோட்டத்துக் குழாயிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அந்தக் காலை அவரே கழுவினார். படியில் கொட்டிய மணலையும் ஒரு பொடி விடாமல் அலம்பித் தள்ளினார். எஸ்தர் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். "அழாத. யாராச்சும் வரப்போறாங்க. மேல போய் சூடா எதுனா குடி" என்று அனுப்பிவைத்தார். அவரை அப்படிச் சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

கூடப்போனவர்களில் ஒருத்தி, முழங்கால் தண்ணீரில் நின்று எஸ்தர் சிரிக்கிற படத்தை போனில் ஸ்டேட்டஸாகப் போட்டுவிட்டாள். அது கைமாறிக் கைமாறி அலுவலகம் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை எஸ்தரைக் கூப்பிட்டார்கள். அந்த மாதம் வீட்டுப் பொறுப்பு என்னுடையது என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். அக்கா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. ஒருமுறை பட்டவர், பயந்துபோயிருந்தார். மேசைமேல் சீட்டு இருந்தது. "செய்யூர்னு எழுதிட்டு மாமல்லபுரம் போயிருக்கா. பொய்ச் சீட்டு. அன்னிக்கும் இதேதான் நடந்தது. விதிமுறைப்படி காலி பண்ணச் சொல்றதைத் தவிர எனக்கு வேற வழியில்லைம்மா" என்றார்.

எஸ்தர் வாயைத் திறந்தாள். அக்கா அவள் காலை மிதித்தார். நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன்.

"அவ மேல தப்பில்ல சார். மாமல்லபுரம் போறேன்னுதான் கேட்டா. கடைசி வருஷம், பாவம்னு நான்தான் விட்டேன். மாமல்லபுரம்னு எழுதினா பிரச்சனை வரும், செய்யூர்னு எழுதிக்கோன்னு நான்தான் சொன்னேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவையே பார்த்தார். "நீங்களா? நீங்க சொன்னீங்களா?"

"ஆமா சார்."

அவர் நம்பவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், அவர் நம்பவே இல்லை. இருந்தாலும் ஒரு ஆள் மூன்று பேர் முன்னிலையில் தவறை ஒப்புக்கொண்ட பிறகு அவர் என்ன செய்வார்? எஸ்தருக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. அக்காவின் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். பொறுப்பு போனால் அறை இல்லை.

வெளியே வந்ததும் எஸ்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்க்கா" என்று அழுதாள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்லிட்டு? சவுக்குத் தோப்புக்குப் போறியா? அறைஞ்சேன்னா பாரு. வாயை மூடிகினு பரீட்சை எழுது." அன்றைக்குத்தான் அவர் அவளை அறைந்திருப்பார், மயிரிழையில் தப்பினாள்.

"உங்க ஆராய்ச்சி?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "அது முடிஞ்சு நான் இன்னாத்த கிழிக்கப் போறேன்" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இடறியது.

அவர் புறப்பட்ட அன்று அலுவலகத்திலிருந்து ஒரு பையன் வந்து அறையைச் சரிபார்த்தான். காலி செய்யும்போது சுவர், கதவு, கட்டில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பது விதி. எல்லாம் வந்த நாளில் இருந்தபடியே இருந்தன. நாங்கள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றினோம். அக்கா ஏறாமல் நின்றார்.

"அந்தம்மா வரும். அதாண்ட போனும் கிடையாது. நான் சொல்லாம கொள்ளாம போயிட்டேன்னு கோச்சுக்கும்" என்றார்.

"நீங்க ஒரு தரம் படாளத்துக்குப் போய்ச் சொல்லிட்டு வரலாமேக்கா."

"அவ போட்டோ மாட்டிக்கீதாம் அந்த வூட்டுல. என்னால அதுக்கு உள்ள போவ முடியாதும்மா." சாவியை என்னிடம் கொடுத்து அலுவலகத்தில் சேர்க்கச் சொன்னார். ஆட்டோ கிளம்பியதும் வாட்ச்மேன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு பொண்ணு செத்தப்ப போவாத வேலை, ஒரு பொண்ணு உசுரோட வந்தப்ப போச்சு. இது இன்னா நாயம்மா?" என்று என்னைக் கேட்டார்.

அக்காவின் எண்ணுக்குக் கொஞ்ச நாள் பேசிப் பார்த்தோம். பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை. மதுராந்தகத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார் என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. ஆராய்ச்சியை முடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அவர் போன சில நாட்களில் வாட்ச்மேனையும் மாற்றி, செக்யூரிட்டி கம்பெனியிலிருந்து சீருடை போட்ட ஆளை நிறுத்தினார்கள். அந்த மாதத்துச் சனிக்கிழமை வந்தது. நானும் எஸ்தரும் மத்தியானத்திலிருந்தே ஜன்னலருகில் உட்கார்ந்திருந்தோம். வெயில் சாய்ந்த பிறகு அந்த அம்மா வந்தார். தோளில் துணிப்பை. நாங்கள் இறங்கி ஓடுவதற்குள் கேட்டில் பேச்சு தடித்துவிட்டது.

"அப்பிடி யாரும் இங்க இல்லம்மா. போயிட்டாங்க, வேலையை வுட்டு நிறுத்திட்டாங்க" என்று செக்யூரிட்டி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா அவரைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், ஓடிவந்த எங்களைப் பார்த்தார். "இன்னாமே சொல்றாரு இவரு? நிறுத்திட்டாங்களா? இன்னாத்துக்கு?"

நான் சொல்ல வாயெடுத்தேன். எஸ்தர் முந்திக்கொண்டாள். "என்னாலதாம்மா. நான் சொல்லாம கடலுக்குப் போயிட்டேன். அக்கா எம்மேல வந்த தப்பைத் தாங்கிகிச்சு."

அந்த அம்மாவின் தோளில் இருந்த பை நழுவிக் கீழே சாய்ந்தது. நாலு மல்லாட்டை உருண்டது. அடிப்பாரோ என்று எனக்குப் பயம். ஒருமுறை இதே வாசலில் அடித்தவர். அவர் எஸ்தரின் கன்னத்தைத் தொட்டார், பிறகு தோளை, பிறகு கையை, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"திரும்பி வந்துட்ட இல்ல?"

"வந்துட்டேம்மா."

"அது போதும். அதுக்குத்தான் அந்தப் பொண்ணு அப்பிடிக் கெடந்து அடிச்சிக்கிச்சு." சொல்லிவிட்டுக் குனிந்து பையை எடுத்துக்கொண்டார். "எம் பொண்ணு பூட்ட பொறவும் எனக்கு வந்து படுக்க இங்க ஒரு வூடு இருந்துச்சு. அதுவும் பூடுச்சா. செரி, நான் வரேன்." ரோட்டுப் பக்கம் திரும்பினார்.

"விருந்தாளிங்க தங்கக் கூடாதும்மா. அம்மாவா இருந்தா மட்டும்தான்" என்றார் செக்யூரிட்டி, தன்மேல் தவறில்லை என்பதுபோல.

"அம்மாதான்" என்றாள் எஸ்தர்.

"யாரோட அம்மா?"

"எங்க அம்மா. இன்னிக்கு என்கூடத்தான் தங்கும்."

செக்யூரிட்டி என்னைப் பார்த்தார். நான் சைவ வீட்டுப் பெண், கோயில் அலுவலகத்துக்காரர் மகள், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "ஆமாண்ணா. இவளோட அம்மாதான்" என்றேன். அவர் கேட்டைத் திறந்தார்.

அந்த அம்மா உள்ளே ஓர் அடி வைத்தவர், நின்றார். ரப்பர் செருப்பைக் கழற்றினார். இரண்டையும் கவிழ்த்துத் தட்டினார். தட்டிவிட்டு, வழக்கமாகப் பார்க்கிறவர் வந்து பார்க்கட்டும் என்பதுபோல அப்படியே காத்துக்கொண்டு நின்றார்.

எஸ்தர் குனிந்து பார்த்தாள்.

"மண்ணுதான்மா" என்றாள். "உள்ள வா."